புட்டியில் எச்சரிக்கைப் பெட்டி வருது, ஆக்செப்ட் அழுத்தலாமா?

முந்திரிக்கணக்கு (கடலூர்):

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் இம்பீரியல் ரோட்டுல ஒரு முந்திரி வியாபாரியோட ஆபீசுல கணக்குப் பார்க்கிறேன். பி.காம். முடிச்ச பொண்ணு. எக்செல், டேலி எல்லாம் தெரியும், சர்வர் விஷயம் பழக்கமில்லை.

பண்ருட்டியில குடோன், காடாம்புலியூர் பக்கம் கொட்டை உடைக்கிற ஷெட், இங்க ஆபீஸ். மூணு இடத்துலேருந்தும் ஸ்டாக்கும் கூலிக் கணக்கும் ஒரே மென்பொருள்லதான் ஏத்துறோம். அது மும்பையில இருக்கிற ஒரு கிளவுட் சர்வர்ல ஓடுது, உபுண்டு 22.04. அதைச் செஞ்சு கொடுத்தவர் வேற வேலைக்குப் போயிட்டார். போறப்ப ஒரு தாள்ல ஐபி நம்பர், யூசர் பேர், பாஸ்வேர்டு எழுதிக் கொடுத்தார். ஒரு பெம் ஃபைலை வாட்ஸ்அப்புல முதலாளிக்கும் எனக்கும் குடோன் மேனேஜருக்கும் அனுப்பிட்டுப் போனார்.

தினமும் சாயங்காலம் டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வைக்கச் சொல்லி முதலாளி உத்தரவு. கம்ப்யூட்டர் புதுசு, விண்டோஸ் 11. புட்டி (தூரத்துச் சர்வருக்குள்ள போற மென்பொருள்) போட்டு, ஐபி கொடுத்து, ஓப்பன் அழுத்தினா ஒரு பெட்டி வருது. இந்த சர்வரோட ஹோஸ்ட் கீ சேமிப்புல இல்லை, இது நீங்க நினைக்கிற கம்ப்யூட்டர்தான்னு உத்தரவாதம் கிடையாதுன்னு இங்கிலீஷ்ல இருக்கு. கீழே எஸ்எச்ஏ256னு ஆரம்பிச்சு ஒரு நீள எழுத்து வரிசை. அடியில ஆக்செப்ட், கனெக்ட் ஒன்ஸ், கேன்சல். பழைய கம்ப்யூட்டர்ல இது வந்ததே இல்லை.

பக்கத்துக் கடைத் தம்பி, "எல்லாரும் ஆக்செப்ட்தான் அழுத்துவாங்க அக்கா"ன்னான். நான் கேன்சல் அழுத்தி வச்சிருக்கேன். சீசன் கணக்கு மொத்தமும் அதுலதான் இருக்கு. அழுத்தலாமா? விண்டோஸ்லேருந்து பத்திரமா உள்ளே போக எது சரியான வழி?

நெல்லிக்குப்பம்:

முதல் தடவை எந்தக் கம்ப்யூட்டர்லேருந்து போனாலும் அந்தப் பெட்டி வரும். பயப்பட ஒண்ணும் இல்லை, ஆக்செப்ட் கொடுங்க. புட்டியே கூட வேணாம். 2018-லேருந்து விண்டோஸ்லயே ஓப்பன்எஸ்எஸ்எச் சேர்ந்து வருது. எஸ்எஸ்எச்னா தூரத்துச் சர்வரோட பத்திரமா பேசுற முறை, புட்டியும் அதைத்தான் பயன்படுத்துது. பவர்ஷெல் திறந்து எஸ்எஸ்எச் அடிச்சு, இடம் விட்டு, யூசர் பேர், அட் குறி, ஐபி. அவ்வளவுதான்.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

தங்கச்சி, நீங்க கேன்சல் அழுத்தினதுதான் சரி. நெல்லிக்குப்பம் நண்பர் சொன்னதுல பாதி உண்மை: புதுக் கம்ப்யூட்டர்னா அந்தப் பெட்டி வந்தே தீரும். அந்த சர்வரோட அடையாளத்தைப் புட்டி இந்தக் கம்ப்யூட்டரோட ரெஜிஸ்ட்ரியிலதான் எழுதி வைக்கும். பழைய கம்ப்யூட்டர்ல எப்பவோ எழுதி வச்சாச்சு, அதனால அங்க கேட்கலை. ஆனா வழக்கமா வர்றதுதானேன்னு அழுத்திடலாம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன். இங்க ஒரு கல்லூரி லேப்புல சர்வர் பார்த்துக்கிற வேலை எனக்கு. புதுப் பிள்ளைங்க வந்தா முதல் வகுப்புல நான் காட்டுறது இந்தப் பெட்டியைத்தான், மத்த கட்டளை எல்லாம் அப்புறம்.

புட்டியா இருந்தாலும் விண்டோஸ் எஸ்எஸ்எச்சா இருந்தாலும் போற வர்ற பேச்சை என்கிரிப்ட் பண்ணிடும். நடுவுல ஒருத்தன் ஒட்டுக் கேட்டா அவனுக்கு ஒண்ணும் புரியாது. ஆனா நீங்க பேசுறதே அவன்கிட்டன்னா? அப்ப எவ்வளவு பலமான என்கிரிப்ஷன் இருந்தும் பிரயோஜனம் இல்லை. முக்கியமா பாஸ்வேர்டு. அதை நீங்க அடிச்சதும் உள்ளது உள்ளபடி எதிர்முனைக்குப் போய்ச் சேரும். எதிர்ல இருக்கிறது வேஷம் போட்ட மெஷின்னா அதை வாங்கி வச்சுக்கிட்டு, ஏதோ பிழைன்னு ஒரு வரி காட்டிட்டு மூடிக்கும். நீங்களும் நெட் சரியில்லைன்னு நினைச்சுக்கிட்டு மறுபடி முயற்சி பண்ணுவீங்க.

எஸ்எஸ்எச் பிறந்ததே பாஸ்வேர்டு திருட்டுலேருந்துதான். 1995-ல ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்குல யாரோ ஒட்டுக் கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிட்டாங்க. அங்க இருந்த டாட்டு யூலோனென் அதுக்கப்புறம் எழுதினது இது. ஃபைல் அனுப்புற பழைய முறை எஃப்டிபி 21-ஆம் போர்ட்லயும் (போர்ட்னா சர்வரோட வாசல் நம்பர்), சர்வருக்குள்ள போற பழைய முறை டெல்நெட் 23-லயும் ஓடுது, ரெண்டுக்கும் மாற்றா வர்றது நடுவுல இருக்கட்டும்னு 22-ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். அந்த ரெண்டுலயும் பாஸ்வேர்டு அப்பட்டமா கம்பியில போகும். இன்னைக்கும் பேக்கப் எடுக்க வெறும் எஃப்டிபி பயன்படுத்துற ஆபீஸ்களைப் பார்க்கிறப்ப எனக்கு மனசு பதறும்.

சரி, எதிர்ல இருக்கிறது உங்க சர்வர்தான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? பெட்டியில இருக்கிற அந்த நீள எழுத்து வரிசைதான் சர்வரோட கைரேகை. அதே கைரேகையை எஸ்எஸ்எச் இல்லாத வேற ஒரு பாதையில போய்ப் பார்த்து ஒத்துப்பாருங்க. கிளவுட் கணக்குக்குள்ள பிரவுசர்ல போனா, உங்க சர்வருக்கு நேரா வெப் கன்சோல் அல்லது சீரியல் கன்சோல்னு ஒண்ணு இருக்கும். அது சர்வரோட திரையையே நேரா காட்டும். அதுல தாள்ல இருக்கிற யூசர் பேர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய், எஸ்எஸ்எச்-கீஜென், இடம், சிறு கோடு ஒட்டி எல்எஃப், இடம், அப்புறம் இடிசி-க்குள்ள எஸ்எஸ்எச் ஃபோல்டர்ல இருக்கிற எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_ஈடி25519_கீ.பப் ஃபைலோட முழுப் பாதை. (கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுறேன், நீங்க சின்ன எழுத்து இங்கிலீஷ்ல அடிச்சுக்குங்க.) எஸ்எச்ஏ256-க்கு அப்புறம் 43 எழுத்து வரும். பெட்டியில இருக்கிறதோட 43-ம் ஒத்துப்போகணும். முதல் நாலு, கடைசி நாலு மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் கணக்கு.

விண்டோஸ்ல இருக்கிற எஸ்எஸ்எச்சுல இன்னொரு வசதி, நிறைய பேர் கவனிக்கிறதே இல்லை. அது "யெஸ்" அல்லது "நோ" கேட்கிற இடத்துல, கன்சோல்லேருந்து காப்பி பண்ணின கைரேகையை எஸ்எச்ஏ256-ஓட சேர்த்து அப்படியே ஒட்டலாம். ஒத்துப்போனாத்தான் உள்ளே விடும். கண்ணை நம்ப வேண்டியதில்லை. நீங்க புதுசா ஆரம்பிக்கிறதால இந்த வழியையே எடுத்துக்குங்க.

புட்டியை எங்கேருந்து இறக்கினீங்க? தேடல்ல மேலே வர்ற விளம்பர லிங்க்குலேருந்து இறக்கியிருந்தா உடனே சொல்லுங்க. புட்டி, வின்எஸ்சிபி (சர்வர்லேருந்து ஃபைல் இறக்குற மென்பொருள்) பேர்ல போலித் தளம் வச்சு, கள்ள மென்பொருளைச் சேர்த்து இறக்க வைக்கிறது 2024, 2025-ல நிறைய நடந்தது. ஃபைல் மேல ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். கையெழுத்து சைமன் டேத்தம் பேர்ல இருக்கணும், அவர்தான் புட்டியை எழுதினவர்.

கடைசியா, என்னைத் தூங்க விடாத விஷயம்: அந்தப் பெம் ஃபைல். அது சர்வருக்குள்ள போறதுக்கான பிரைவேட் சாவி. மூணு பேர் போன்லயும், அனுப்பினவர் போன்லயும் இருக்கு. கைரேகை சரியா இருந்து நீங்க உள்ளே போன உடனே செய்ய வேண்டிய முதல் வேலை, உங்களுக்குன்னு புதுச் சாவி செஞ்சுக்கிட்டு அந்தப் பழைய சாவியைச் செல்லாததாக்குறது. கிளவுட் கணக்கு யார் பேர்ல இருக்குன்னும் சொல்லுங்க, அடுத்தது எழுதுறேன்.

ஓ.டி. துறைமுகம் (கடலூர் முதுநகர்):

வாட்ஸ்அப் எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் உள்ளது சார். அதுல அனுப்பின ஃபைலை நடுவுல யாரும் படிக்க முடியாதே? பாதுகாப்பா இருக்கிற சாவியை ஏன் தூக்கிப் போடணும்?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

நல்ல கேள்வி சார். நடுவுல படிக்க முடியாதுங்கறது சரிதான். என் கவலை ரெண்டு முனையிலயும். போன்ல வந்த ஃபைல் போனோட ஸ்டோரேஜ்ல தனியா ஒரு ஃபோல்டர்ல உட்கார்ந்திருக்கும். வாட்ஸ்அப் வெப் திறந்தா கம்ப்யூட்டர்லயும் டவுன்லோட் ஆகும். டிரைவ்ல பேக்கப் போகும். அந்த பேக்கப்புக்குத் தனியா என்கிரிப்ஷன் போட்டு வைக்கிறவங்க ரொம்பக் குறைவு. டிஸ்ப்ளே உடைஞ்சா போனை லாக் எடுத்துக் கொடுத்துட்டு வர்றோம். மேனேஜர் போன் மாத்தினா பழைய போன் அவர் பையன் கையில இருக்கும். யாரையும் நான் சந்தேகப்படலை. எத்தனை பிரதி எங்கெங்க இருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாத ஒரு சாவியை வச்சுக்கிட்டு ஒரு குடும்பத்தோட வியாபாரக் கணக்கைப் பூட்டி வைக்கக் கூடாது.

அதோட அது ஒரே சாவி. மூணு பேரும் அதே சாவியில உள்ளே போனா, சர்வரோட பதிவுல யார் வந்தாங்கன்னு பிரிச்சுப் பார்க்க வழியில்லை. ஒருத்தர் வேலையை விட்டா மூணு பேருக்கும் மாத்தணும். ஆளுக்கு ஒரு சாவின்னா அவர் வரியை மட்டும் அழிச்சாப் போதும்.

முந்திரிக்கணக்கு (கடலூர்):

சார், ரொம்ப நன்றி. கிளவுட் கணக்கு முதலாளி மெயில் ஐடியிலதான் இருக்கு, பில்லும் அவர் கார்டுலதான் போகுது. பாஸ்வேர்டு டைரியில இருந்தது. அவரையே பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டு கன்சோல் திறந்தேன். கறுப்புத் திரை வந்தது, தாள்ல இருந்த யூசர் பேர் பாஸ்வேர்டு போட்டேன். பாஸ்வேர்டு அடிக்கிறப்ப புள்ளி கூட விழலை, கீபோர்டு வேலை செய்யலையோன்னு நினைச்சேன், கடைசியில என்டர் தட்டினதும் உள்ளே போயிடுச்சு.

நீங்க சொன்ன கட்டளையில கைரேகை வந்தது. பவர்ஷெல்ல ஒட்டினேன், ஏத்துக்கிச்சு. புட்டி காட்டினதையும் முதலாளி ஒவ்வொரு எழுத்தா படிக்கப் படிக்க நான் சரிபார்த்தேன், 43-ம் ஒண்ணு. புட்டி மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேருந்து எடுத்தது, சைமன் டேத்தம் பேர்தான் போட்டிருக்கு.

இப்ப சாவி செய்யறது எப்படின்னு சொல்லுங்க.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

முதலாளியை உட்கார வச்சுச் செஞ்சீங்க பாருங்க, அது ரொம்ப நல்ல காரியம். அந்தக் கிளவுட் கணக்குக்கு இன்னைக்கே டூ ஸ்டெப் போடச் சொல்லுங்க. டைரி பாஸ்வேர்டு ஒண்ணு மட்டும் அதுக்குக் காவல்னா போதாது. அந்தக் கணக்குல நுழைஞ்சவன் சர்வரையே அழிச்சுடலாம்.

சாவி விஷயம். பவர்ஷெல்ல எஸ்எஸ்எச்-கீஜென், இடம், சிறு கோடு டி (டைப்-ல முதல்ல வர்ற எழுத்து), இடம், ஈடி25519. எங்க சேமிக்கணும்னு கேட்கும், எதையும் மாத்தாம என்டர். அடுத்து பாஸ்ஃப்ரேஸ் கேட்கும், இதைக் காலியா விடாதீங்க. உங்களுக்கு மட்டும் தோணுற நாலைஞ்சு வார்த்தையைக் கோத்துப் போடுங்க. கம்ப்யூட்டரையே ஒருத்தன் தூக்கிட்டுப் போனாலும் அது தெரியாம சாவி திறக்காது.

இப்ப சி டிரைவ்ல உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள புள்ளி எஸ்எஸ்எச்னு ஒரு ஃபோல்டர்ல ரெண்டு ஃபைல் இருக்கும். பப்னு முடியறது பூட்டு மாதிரி, அதை யார்கிட்ட வேணா கொடுக்கலாம், எத்தனை சர்வர்ல வேணா மாட்டலாம். பப் இல்லாதது சாவி, அது உங்க இடுப்பை விட்டு இறங்கவே கூடாது. மெயில்ல போகக் கூடாது, வாட்ஸ்அப்புல போகக் கூடாது, எனக்கும் அனுப்பக் கூடாது.

சாவியில போறதுல இன்னொரு பெரிய நிம்மதி இருக்கு. பாஸ்வேர்டு மாதிரி இது எதிர்முனைக்குப் போறதே இல்லை. அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் செல்லுபடியாகிற ஒரு கையெழுத்தைப் போட்டு அனுப்பும். வேஷம் போட்ட மெஷின் அதை வாங்கி உங்க உண்மையான சர்வர்ல காட்டினாலும் செல்லாது.

அடுத்து பூட்டை சர்வர்ல மாட்டணும். பப் ஃபைலை நோட்பேட்ல திறந்தா ஒரே ஒரு நீள வரி இருக்கும். அதை காப்பி பண்ணி, சர்வர்ல உங்க யூசர் ஃபோல்டரோட புள்ளி எஸ்எஸ்எச்சுக்குள்ள இருக்கிற ஆதரைஸ்டு_கீஸ் ஃபைலை நானோவுல (சர்வர்ல நோட்பேட் மாதிரி) திறந்து, கடைசியில புது வரியா ஒட்டுங்க. ஒட்டுறப்ப அது ரெண்டு வரியா உடைஞ்சா வேலை செய்யாது. லினக்ஸ்ல இதுக்கு எஸ்எஸ்எச்-காப்பி-ஐடின்னு தனிக் கட்டளை உண்டு, விண்டோஸ்ல அது வர்றதில்லை.

புட்டிஜென்ல சாவி செய்யறவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன், ஏன்னா வருஷா வருஷம் பிள்ளைங்க இந்த இடத்துல முட்டிக்கிட்டு நிற்கிறதைப் பார்க்கிறேன். அதுல "சேவ் பப்ளிக் கீ" பட்டன் கொடுக்கிற ஃபைல் பல வரியா, மேலயும் கீழயும் கோடு போட்டு இருக்கும். ஆதரைஸ்டு_கீஸ்ல அது செல்லாது. ஜன்னல் மேல் பக்கம் ஒரு கட்டத்துல காட்டுற வரியைத்தான் காப்பி பண்ணணும். கட்டத்துல தெரியறது கொஞ்சம்தான், உள்ளே கிளிக் பண்ணி கன்ட்ரோல்-ஏ போட்டு எல்லாத்தையும் தேர்ந்தெடுங்க. அப்புறம், 0.68 முதல் 0.80 வரைக்குமான புட்டியில 521 பிட் ஈசிடிஎஸ்ஏ சாவி பயன்படுத்தினவங்க அதைத் தூக்கிப் போட்டே ஆகணும். 2024 ஏப்ரல்ல வெளியான ஓட்டை அது. சுமார் 60 கையெழுத்து கிடைச்சாப் போதும், பிரைவேட் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துடலாம். 0.81-ல சரி பண்ணிட்டாங்க, ஆனா பழைய சாவி பழைய சாவிதான்.

தங்கச்சி, புதுச் சாவியில இன்னொரு பவர்ஷெல் ஜன்னல்லேருந்து உள்ளே போக முடியுதான்னு பாருங்க. ஏற்கெனவே உள்ளே இருக்கிற ஜன்னலை மூடாதீங்க. நடுவுல எங்கயாவது தப்பினாலும் அந்தத் திறந்த ஜன்னல்லேருந்து சரி பண்ணிடலாம்.

முந்திரிக்கணக்கு (கடலூர்):

சார், காலையில அழகா வேலை செஞ்சது. மத்தியானத்துக்கு அப்புறம் வரலை. என்ன நடந்ததுன்னா, எங்க சர்வீஸ்காரர் வந்தா முதல்ல சி டிரைவை ஃபார்மட் பண்ணிடுவார். அதனால சாவி ஃபைல் ரெண்டையும் கட் பண்ணி டி டிரைவ்ல "முக்கியம்" ஃபோல்டர்ல ஒட்டி வச்சேன். பாதையைக் கொடுத்து எஸ்எஸ்எச் அடிச்சா, பாதுகாப்பில்லாத பிரைவேட் கீ ஃபைல், பர்மிஷன்ஸ் டூ ஓப்பன்னு பெருசா கட்டம் கட்டி வருது. சாவியைக் கண்டுக்காம விட்டுட்டு பாஸ்வேர்டு கேட்குது.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

சாவிக்கு ஒண்ணும் ஆகலை. உங்க யூசர் ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபைலை நீங்களும் அட்மினும்தான் திறக்க முடியும். டி டிரைவ்ல அப்படி இல்லை, அந்தக் கம்ப்யூட்டர்ல கணக்கு வச்சிருக்கிற யாரும் படிக்கலாம். வேற டிரைவுக்கு மாத்தினா அந்த டிரைவோட பழக்கத்தை ஃபைல் எடுத்துக்கும். நாலு பேர் படிக்கக்கூடிய சாவியை நான் தொட மாட்டேன்னு எஸ்எஸ்எச் மறுக்குது, மறுக்கிறதுதான் நல்லது. திரும்ப சி டிரைவ்ல அதே புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கே கொண்டு போங்க, தானா சரியாயிடும். கிளவுட்லேருந்து பெம் ஃபைலை டி டிரைவ்ல இறக்கி வச்சு இதே கட்டத்தைப் பார்க்கிறவங்களுக்கும் இதே மருந்துதான். அங்கேயே வச்சுக்கணும்னா ப்ராபர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டுல இன்ஹெரிட்டன்ஸை நிறுத்தி, உங்க பேர், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் தவிர மத்த எல்லாத்தையும் நீக்கணும்.

சி ஃபார்மட் ஆயிடுமேன்னு சாவிக்குப் பிரதி எடுத்து வைக்க வேணாம். சாவி தொலைஞ்சா கன்சோல் வழியா உள்ளே போய் புதுச் சாவியோட வரியை ஒட்டிக்கலாம். அதைவிட சுலபம், முதலாளி லேப்டாப்புலயும் இதே மாதிரி தனியா ஒரு சாவி செஞ்சு அதோட பூட்டையும் மாட்டி வைங்க. உங்களுது போனா அவர் வழியா சரி பண்ணலாம்.

ரெண்டு சாவியும் வேலை செய்யுதுன்னு பார்த்த பிறகு, ஆதரைஸ்டு_கீஸ்ல உங்க ரெண்டு வரி தவிர மத்ததை அழிங்க. ஒவ்வொரு வரி முடிவுலயும் ஒரு பேர் இருக்கும், அதை வச்சு யாருதுன்னு தெரியும். அந்தப் பெம் ஃபைலுக்கு உயிர் போறது அந்த நிமிஷம்தான், அப்புறம் எத்தனை போன்ல இருந்தாலும் கவலை இல்லை. அடுத்து சர்வர்ல எஸ்எஸ்எச்சோட அமைப்புகள் இருக்கிற எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் ஃபைல்ல பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷனை "நோ"னு மாத்தி, சூடோ (அட்மின் அதிகாரத்தோட ஓட்டுறது) எஸ்எஸ்எச்டி சிறு கோடு டின்னு (டெஸ்ட்-ல முதல்ல வர்ற எழுத்து) அடிச்சு எழுத்துப் பிழை இல்லைன்னு பார்த்துட்டு, எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

முந்திரிக்கணக்கு (கடலூர்):

எல்லாம் செஞ்சேன் சார். பழைய வரி ரெண்டு இருந்தது, அழிச்சாச்சு. ஆனா சந்தேகத்துக்கு குடோன் கம்ப்யூட்டர்லேருந்து போய்ப் பார்க்கச் சொன்னேன், அங்க சாவியே கிடையாது. இன்னும் பாஸ்வேர்டு கேட்குது, போட்டா உள்ளேயும் விடுது! ஃபைல்ல "நோ"னு தெளிவா இருக்கு.

நெல்லிக்குப்பம்:

ரீஸ்டார்ட் ஆயிருக்காது. சர்வரையே ஒரு தடவை ரீபூட் பண்ணுங்க.

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

ரீபூட் வேணாம், அதால இது மாறாது. நீங்க சோதிச்சுப் பார்த்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாருங்க. "நோ"னு எழுதினதோட நிம்மதியா இருக்கிறவங்கதான் அதிகம்.

கிளவுட்ல வர்ற உபுண்டுல எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டின்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. அதுக்குள்ள 50-கிளவுட்-இனிட்.கான்ஃப்னு ஒரு ஃபைல். பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் யெஸ்னு. பெரிய ஃபைலோட தொடக்கத்துலயே அந்த ஃபோல்டரை முதல்ல படின்னு எழுதியிருக்காங்க. எஸ்எஸ்எச்-ல எது முதல்ல வருதோ அதுதான் செல்லும், பின்னால நீங்க எழுதின "நோ"வுக்கு மதிப்பில்லை. அந்தச் சின்ன ஃபைல்ல மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுங்க.

மாத்தினதும் சூடோ எஸ்எஸ்எச்டி, சிறு கோடு, அதே டெஸ்ட்-டோட டி, ஆனா பெரிய எழுத்துல. எல்லா ஃபைலையும் படிச்சு கடைசியில எது அமல்ல இருக்குன்னு பட்டியல் போடும். அதுல பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் வரியைத் தேடுங்க. அப்புறம் குடோன்லேருந்து மறுபடி முயற்சி பண்ணச் சொல்லுங்க. பாஸ்வேர்டே கேட்காம, அனுமதி மறுப்பு, அடைப்புக்குறிக்குள்ள பப்ளிக்கீன்னு வந்தா சரி.

அந்தத் தாள்ல இருக்கிற பாஸ்வேர்டையும் பாஸ்டபிள்யூடி கட்டளையில மாத்திடுங்க. கன்சோலுக்கும் சூடோவுக்கும் அது இன்னும் வேணும், போனவருக்குத் தெரிஞ்சதா இருக்கக் கூடாது.

ஓ.டி. துறைமுகம் (கடலூர் முதுநகர்):

சார், நடுவுல ஒரு சந்தேகம். எங்க பக்கம் கரண்ட் போய் வந்தா, இல்ல கொஞ்ச நேரம் எதுவும் அடிக்காம விட்டா, இணைப்பு அறுந்துடுது. பெரிய பேக்கப் ஓடிக்கிட்டு இருந்தா அதுவும் பாதியில நிக்குது. பாதுகாப்பு அமைப்பு மாத்தினதாலயா?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

அதனால இல்லை. பேசாம இருக்கிற இணைப்பை நடுவுல இருக்கிற ரவுட்டர் மறந்துடும். புட்டின்னா கனெக்ஷன் பக்கத்துல கீப்அலைவ் 0-ன்னு இருக்கும், 30 ஆக்குங்க. விண்டோஸ் எஸ்எஸ்எச்னா புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டர்ல கான்ஃபிக்னு ஒரு ஃபைல் செஞ்சு, ஹோஸ்ட் முந்திரி, அடுத்த வரியில ஹோஸ்ட்நேம்னு ஐபி, அடுத்ததுல யூசர், அடுத்ததுல சர்வர்அலைவ்இன்டர்வல் 30. அதுக்கப்புறம் எஸ்எஸ்எச் முந்திரின்னு அடிச்சாலே போதும். நோட்பேட் அதை கான்ஃபிக்.டிஎக்ஸ்டின்னு சேமிச்சுடும், சேவ் பண்றப்ப "ஆல் ஃபைல்ஸ்" தேர்ந்தெடுக்கணும். டிஎக்ஸ்டி ஒட்டியிருந்தா எஸ்எஸ்எச் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

கரண்ட்டுக்கு டிமக்ஸ். உள்ளே போனதும் டிமக்ஸ்னு அடிச்சு அதுக்குள்ள வேலையை ஓட விடுங்க. இணைப்பு போனாலும் சர்வர்ல வேலை நடந்துக்கிட்டே இருக்கும், திரும்ப வந்து டிமக்ஸ் அட்டாச் அடிச்சா விட்ட இடத்துல நிக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்ப, வேற ஊர்ல இருக்கிற சர்வர்ல எங்க லேப் டேட்டாவைப் பிரதி எடுத்துக்கிட்டு இருந்தேன். இங்க கரண்டும் இல்லை, தெருவெல்லாம் தண்ணி. கரண்ட் வந்து அட்டாச் பண்ணினா எல்லாம் முடிஞ்சு பிராம்ப்ட் காத்துக்கிட்டு இருந்தது. நம்ம கடற்கரை ஊர்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு டிமக்ஸ் கட்டாயம்னே சொல்வேன்.

முந்திரிக்கணக்கு (கடலூர்):

சார், அந்தச் சின்ன ஃபைல்தான் காரணம், நீங்க சொன்ன ஒரே வரிதான் இருந்தது. மாத்தினேன். குடோன்லேருந்து இப்ப பப்ளிக்கீன்னு சொல்லி மறுத்துடுது. பாஸ்வேர்டு மாத்தியாச்சு, டூ ஸ்டெப் முதலாளி போன்ல போட்டாச்சு. பேக்கப்பை வின்எஸ்சிபி வழியா எஸ்எஃப்டிபியில (எஸ்எஸ்எச் வழியா ஃபைல் அனுப்புற முறை) இறக்கினேன், அதுவும் கைரேகை கேட்டது, சரிபார்த்துட்டுத்தான் ஏத்துக்கிட்டேன். நம்ம சாவியை பிபிகேயா (புட்டியோட சாவி ஃபைல் வடிவம்) மாத்தட்டுமான்னு அதுவே கேட்டு மாத்திக்கிச்சு.

ஒண்ணே ஒண்ணு. இதே சர்வருக்கு இன்னொரு நாள் போறப்ப அந்தப் பெட்டி மறுபடி வந்தா?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

ஒருமுறை ஏத்துக்கிட்ட கம்ப்யூட்டர்ல, அதே மென்பொருள்ல அது மறுபடி வரக் கூடாது. வந்தா வேற மாதிரி வரும்: சேமிச்சு வச்ச கைரேகையோட இது ஒத்துப்போகலைன்னு. புட்டி அதை செக்யூரிட்டி ப்ரீச்னு தலைப்புப் போட்டுக் காட்டும், விண்டோஸ் எஸ்எஸ்எச் உள்ளேயே விடாது. சர்வரை யாராவது புதுசா நிறுவியிருந்தா, அல்லது அந்த ஐபி வேற மெஷினுக்குப் போயிருந்தா அப்படி வரும். அப்படி ஒண்ணும் நடக்கலைன்னா எதையும் அடிக்காம ஜன்னலை மூடிட்டு, கன்சோல்ல போய் கைரேகையைப் பாருங்க. நெட்ல தேடினா, விண்டோஸ் எஸ்எஸ்எச் கைரேகையைச் சேமிச்சு வைக்கிற நோன்_ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல அந்த வரியை அழிச்சாச் சரியாயிடும்னு ஆயிரம் பேர் எழுதியிருப்பாங்க. காரணம் தெரிஞ்ச பிறகு அழிங்க, முன்னால வேணாம்.

இன்னைக்கு ஒத்துப் பார்த்த அந்த 43 எழுத்தையும் ஒரு தாள்ல பிரிண்ட் எடுத்து ஆபீஸ் ஃபைல்ல வைங்க. அது ரகசியம் இல்லை, யார் பார்த்தாலும் பரவாயில்லை. குடோன்லயும் ஷெட்லயும் புதுசா யாராவது சர்வருக்குள்ள போக வேண்டி வந்தா, அந்தத் தாளைக் கையில கொடுத்து, ஒத்துப் பார்த்துட்டு அழுத்தச் சொல்லுங்க.